பனிக்கட்டி உருளைக் கணக்கு பிசகினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மட்டக்களப்பில் இருந்துகொண்டு துருவப் பனியைப் பற்றி எழுதுவது சிலருக்குப் புதினமாக இருக்கும். ஆனால் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிறார்கள், எடுக்கவும் வேண்டும். கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் துளைத்து எடுத்த உருளைகளின் அளவீடுகள் நோவா, பங்கேயா போன்ற களஞ்சியங்களில் இலவசமாகக் கிடக்கின்றன, ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் கல்லடியில் இருந்தே 1,000 வருடத்துப் பனிப்பொழிவைக் கணக்குப் பார்க்கலாம். சில வருடங்களாக இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிழை தேடுவது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. வருகிற பிழைகள் திரும்பத் திரும்ப அதேதான், அதனால் எழுதி வைக்கிறேன்.

இங்கே தத்துவ விளக்கம் இல்லை. உங்கள் வரைபில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில் இருக்கும், செலவு கூடியது கடைசியில்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சமதானி வளைவு, அதாவது ஒட்சிசன்-18 கோடையில் கூடி மாரியில் குறைகிற அந்த ஏற்ற இறக்கம், வருடங்களை எண்ணித் தரும், அவ்வளவுதான். அந்த வருடத்தில் எவ்வளவு பனி விழுந்தது என்பதைத் தனியாக அது சொல்லாது. அதற்கு அடர்த்தியும் வேண்டும், கீழே போகப் போகப் படை எவ்வளவு மெலிந்தது என்பதும் வேண்டும். கீழே வருகிற பிழைகளில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வந்தவை.

தொடங்கமுதல் கையில் இருக்கவேண்டியவை: ஆழம், டெல்டா ஒட்சிசன்-18 (பாரமான ஒட்சிசனின் பங்கு கடல்நீர் நியமத்தில் இருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு), அடர்த்தி என்று மூன்று நிரல்கள். அதோடு தரவு பைலின் தலையில் இருக்கும் விளக்கம். அந்த விளக்கத்தை எல்லோரும் அழித்துவிட்டு எண்களை மட்டும் எடுக்கிறார்கள். அழிக்க வேண்டாம், பாதி விடை அதற்குள்தான் இருக்கிறது.


அறிகுறி: கோடு தட்டையாகக் கிடக்கிறது, இடையிடையே பாதாளத்துக்குப் போகிறது

இது எண் வாசிப்புப் பிழை. பனியைப் பற்றி எதையும் யோசிக்க வேண்டாம்.

முதலில் -999 அல்லது -9999 என்ற எண்ணைத் தேடுங்கள். அளவீடு இல்லாத இடத்துக்கு அப்படிப் போட்டு வைப்பார்கள், எக்ஸெல் அதை உண்மையான பெறுமானம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கலங்களை வெறுமையாக்குங்கள், பூச்சியம் போடக் கூடாது.

அது இல்லையென்றால் கழித்தல் குறியைப் பாருங்கள். இந்தத் துறையில் எல்லா எண்களும் கழித்தலில்தான் வரும், துருவப் பனி ஆயிரத்துக்கு -20 இல் இருந்து -55 வரை இருக்கும். ஒரு பீடிஎப் அட்டவணையில் இருந்து வெட்டி ஒட்டினால் கழித்தல் குறிக்குப் பதிலாக நீளமான கோடு வந்துவிடும், அப்போது முழு எண்ணும் எழுத்தாக மாறிவிடும். கலத்தில் எண் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் காரணம். சில ஐரோப்பியப் பைல்களில் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லையென்றால் பைலைத் திருப்பி இறக்குங்கள். கரண்ட் போய்வருகிற நேரத்தில் இறக்கிய பைல் பாதியில் நின்றிருந்ததை இரண்டு தடவை கண்டிருக்கிறேன்.


அறிகுறி: அண்மைய வருடங்களில் பனிப்பொழிவு இரண்டு மூன்று மடங்கு கூடிவிட்டதாக வருகிறது

இதுதான் அடிக்கடி வருவது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன். ஒருமுறை ஒரு பிள்ளை இரவு பத்தரை மணிக்கு அழைத்து, "சேர், பனி இப்ப மூணு மடங்கு கூடியிருக்கு, காலநிலை மாற்றம் சரியாத் தெரியுது" என்றாள். நான் கேட்டது ஒரே கேள்வி: "மகள், அடர்த்தியால பெருக்கினீங்களா?" பெருக்கவில்லை.

காரணம் 1, அடர்த்தி. மேற்பரப்பில் விழுந்த பனி கன மீற்றருக்கு 300 முதல் 400 கிலோகிராம் வரைதான் இருக்கும். கீழே போகப் போக இறுகி, 830 வாக்கில் காற்று அடைபட்டுக் கட்டியாகி, கடைசியில் 917 இல் நிற்கும். புதிதாக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணை நாலு வருடத்தில் பாதி உயரத்துக்கு வந்துவிடுகிறது, பஞ்சின் நிறை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பனியும் அப்படித்தான். கிறீன்லாந்தின் நடு உச்சியில் இருக்கும் சமிட் நிலையத்தில் ஒரு வருடப் பனி மேற்பரப்பில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் தடிப்பு, அதே அளவு பனி நன்றாக இறுகிய ஆழத்தில் 23 சென்ரிமீற்றர் வாக்கில் நிற்கும். இரண்டையும் நீராக்கினால் ஒன்றுதான்: 60 சென்ரிமீற்றரை 0.35 ஆல் (அடர்த்தியை நீரின் 1,000 ஆல் வகுத்தது) பெருக்கினால் 21, 23 சென்ரிமீற்றரை 0.917 ஆல் பெருக்கினாலும் 21. அந்தப் பிள்ளை கண்ட மூன்று மடங்கில் பெரும்பங்கு இப்படிப் போய்விட்டது.

சோதனை: ஒவ்வொரு மாதிரித் துண்டின் நீளத்தையும் அந்த ஆழத்து அடர்த்தியால் பெருக்கி நீர்ச் சமானமாக, அதாவது உருக்கினால் வரும் நீரின் உயரமாக, மாற்றிய பிறகு மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு போங்கள், வருட எல்லைகளை அந்தப் புதிய ஆழ அளவில் வையுங்கள். முழு உருளைக்கும் ஒரே சராசரி அடர்த்தி போடக் கூடாது, அது பிழையைத் திருத்தாது, வேறு இடத்துக்குத் தள்ளிவிடும்.

காரணம் 2, அலகு. சில பைல்களில் ஐஸ் சமானம் (முழுதாக இறுகிய ஐஸாக்கினால் வரும் தடிப்பு), சிலவற்றில் நீர்ச் சமானம். இரண்டுக்கும் வித்தியாசம் 8 வீதத்துக்குச் சற்று மேல். ஒரு உருளையின் மேற்பகுதியை ஒரு பைலிலும் கீழ்ப்பகுதியை இன்னொன்றிலும் எடுத்து ஒட்டினால் ஒட்டின இடத்தில் படி மாதிரி ஒரு உயர்வோ தாழ்வோ தெரியும். படி 8 அல்லது 9 வீதம் என்றால் வேறு எதையும் தேடவேண்டாம்.

காரணம் 3, மெலிவு. அடர்த்தி சரி செய்தபிறகும் கீழே போகப் போகப் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது என்றால் இதுதான். பனித் தகடு தன் பாரத்தால் பக்கவாட்டில் வழிகிறது, அதனால் பழைய படைகள் மெலிகின்றன. எளிய திருத்தம் நை என்பவர் சொன்னது: முழுத் தடிப்பு 3,000 மீற்றர், உங்கள் படை 300 மீற்றர் ஆழத்தில் என்றால் மிச்சம் 2,700, அதாவது 0.9 பங்கு. அளந்த தடிப்பை 0.9 ஆல் வகுத்தால் விழுந்தபோது இருந்த தடிப்பு வரும். ஆழத்தையும் முழுத் தடிப்பையும் ஐஸ் சமானத்தில் எடுங்கள்.

எப்போது இது முக்கியம்? 3,000 மீற்றர்த் தகட்டில் 100 மீற்றர் உருளை என்றால் அடியில்கூட மூன்று வீதம்தான், அவசரத்துக்கு விட்டுவிடலாம். அந்தாட்டிக்காக் கரையோரத்து லோ டோமில் தகடு ஏறத்தாழ 1,200 மீற்றர்தான், அங்கே அதே 100 மீற்றரில் 8 வீதம், விட முடியாது. தகட்டின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் போனால் நை கணக்கை நம்ப வேண்டாம், அங்கே டான்ஸ்கார்டும் ஜோன்சனும் 1969 இல் கொடுத்த கணித மாதிரியாவது வேண்டும். அடிப்பாறைக்குப் பக்கத்தில் அதுவும் உதவாது.

காரணம் 4, பனி வேறிடத்தில் விழுந்தது. துளைத்த இடத்தின் ஆழத்துப் பனி அந்த இடத்திலேயே விழுந்தது என்று நினைக்கிறோம். தென் துருவத்தில் தகடு வருடத்துக்குப் 10 மீற்றர் அளவில் நகர்கிறது, ஆகவே 1,000 வருடத்துப் பனி பல கிலோமீற்றர் மேலே விழுந்து வந்தது, அங்கே பொழிவு வேறாக இருந்திருக்கலாம். குவிமாட உச்சியில் துளைத்த உருளையில் இந்தக் கவலை குறைவு. சரிவில் துளைத்தது என்றால் நீங்களாகத் திருத்த முயல வேண்டாம். மேற்சரிவு ரேடார் அளவீடு இல்லாமல் அது ஊகம்தான். உருளையைத் துளைத்த குழுவுக்கு எழுதுங்கள்.

இந்த நாலும் கழிந்தும் உயர்வு நின்றால்தான் அது உண்மையான உயர்வாக இருக்கலாம். அப்போதும் ஒரு உருளையை மட்டும் வைத்து அறிக்கையில் எழுதவேண்டாம்.


அறிகுறி: வருட ஏற்ற இறக்கமே தெரியவில்லை

மாதிரி நீளத்தைப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை. டேனிஷ் குழுக்களின் பழைய தரவுகளில் 55 சென்ரிமீற்றருக்கு ஒரு பெறுமானம் என்று வரும், அதை அவர்கள் பை அளவு என்பார்கள். வருடப் படையே 23 சென்ரிமீற்றர் என்கிற இடத்தில் 55 சென்ரிமீற்றர்ச் சராசரிக்குள் வருடம் எப்படித் தெரியும்? ஒரு வருடத்துக்கு எட்டுப் பத்து மாதிரியாவது வேண்டும். நாலுக்குக் கீழே என்றால் எண்ணாதீர்கள். அதே உருளைக்கு நுண்ணிய அளவீட்டுப் பைல் தனியாக இருக்கிறதா என்று களஞ்சியத்தில் தேடுங்கள், பல நேரம் இருக்கும்.

மாதிரி நுண்ணியதாக இருந்தும் மேலே தெரிகிற ஏற்ற இறக்கம் 50, 60 மீற்றரில் மங்கிவிடுகிறதா? இறுகல் பனியின், அதாவது இன்னும் முழுக் கட்டியாகாத பனியின், துளைகளுக்குள் நீராவி மேலும் கீழும் அலைந்து கோடையையும் மாரியையும் கலந்துவிடுகிறது. வருடத்துக்கு 20 சென்ரிமீற்றர் ஐஸ் சமானத்துக்கு மேல் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் தப்பும், அதற்குக் கீழே அழிந்துபோகும். அழிந்த இடத்தில் சமதானியை விட்டுவிட்டு வேறு வருடக் குறிகளைப் பாருங்கள்: சல்பேற்று, சோடியம், மின்கடத்துதிறன், தூசி. அவை இப்படிப் பரவிக் கலப்பதில்லை. கலந்த சமதானிக் குறியைக் கணித முறையில் பிரித்தெடுக்க வழி உண்டு, ஆனால் அளவீட்டுச் சத்தத்தையும் (தற்செயலான ஆட்டத்தையும்) அது பெருப்பித்துவிடும், இல்லாத வருடங்களை உண்டாக்கிவிடும். அந்த வேலைக்கு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கோடையில் மேற்பரப்பு உருகுகிற இடங்களில், ஆட்டிக் தீவுகளின் சிறிய பனித் தொப்பிகள் மாதிரி, நீர் கீழே வடிந்து எல்லாவற்றையும் கழுவிவிடும். உருகல் படைப் பட்டியல் இருந்தால் பாருங்கள். நிறைய இருந்தால் உருளையை மாற்றுங்கள்.


அறிகுறி: வருடம் வடிவாகத் தெரிகிறது, ஆனால் கிழக்கு அந்தாட்டிக்காவில் பொழிவு எக்கச்சக்கமாக வருகிறது

இது ஆளை ஏமாற்றுவது, அதனால் தனியாக எழுதுகிறேன். டோம் சி, வொஸ்டொக் போன்ற இடங்களில் வருடத்துக்கு நீராகப் பார்த்தால் 2 முதல் 3 சென்ரிமீற்றர்தான் பொழிவு. மட்டக்களப்பில் மாரி மழை ஒரு பின்னேரத்தில் கொட்டுகிற அளவு. பனியாக அது 7, 8 சென்ரிமீற்றர். ஆனால் அங்கே குழி வெட்டி அளந்த சமதானி வளைவுகளில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை அழகான ஏற்ற இறக்கம் தெரியும். பார்த்தால் வருடம் மாதிரியே இருக்கும். வருடம் இல்லை. காற்று கலைத்த சத்தமும் நீராவிப் பரவலும் சேர்ந்து உண்டாக்குகிற தோற்றம் அது, பொழிவு வித்தியாசமான இடங்களிலும் அதே 20 சென்ரிமீற்றர் அளவில் வருவதே அதற்குச் சாட்சி.

சோதனை: எண்ணிய முடிவை அணுகுண்டுச் சோதனைக் காலப் படையோடு ஒப்பிடுங்கள். அந்தாட்டிக்காவில் 1955, 1965 வாக்கில் விழுந்த கதிரியக்கத் துகள்கள் தெளிவான இரண்டு கோடுகளாக நிற்கின்றன. மேற்பரப்பில் இருந்து 1965 கோடு வரை உள்ள நீர்ச் சமானத்தைக் கூட்டி வருடங்களால் வகுத்தால் உண்மைச் சராசரி வரும். உங்கள் எண் அதைவிட இரண்டு மூன்று மடங்கு என்றால் எண்ணியது வருடத்தை அல்ல. இந்த இடங்களுக்கு சமதானி எண்ணலைக் கைவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, அங்கே வேலை செய்கிறவர்களும் எண்ணுவதில்லை.


அறிகுறி: எண்ணிய வருடம் எரிமலையோடு பொருந்தவில்லை

பெரிய எரிமலை வெடிப்பின் சல்பேற்று பனியில் ஒரு கூர்முனையாகப் பதிந்திருக்கும், வெடித்த வருடம் தெரிந்தால் உங்கள் எண்ணலை அதோடு ஒத்துப் பார்க்கலாம். முதலில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக 50 வருடம் என்றால்: வயதை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது பிழைத்திருக்கிறது. சில பைல்கள் 1950 இல் இருந்து பின்னோக்கி எண்ணும், கிறீன்லாந்துப் பைல்கள் பல 2000 இல் இருந்து. தலைப்பு விளக்கத்தில் இருக்கும், திருத்த ஒரு நிமிடம். இதற்காக ஒரு பையன் மூன்று கிழமை எரிமலைப் பட்டியல் தேடியதைப் பார்த்தபிறகு யாரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எல்லா ஆழத்திலும் ஒன்று, இரண்டு வருடம் மாறாமல் தள்ளி நின்றால்: மேல் நுனியின் திகதி. துளைத்த வருடமும் மாதமும் என்ன, மேலே தளர்ந்த பனி ஒரு மீற்றர் அளவு உடைந்து வீணாகியதா என்று பாருங்கள். அந்தாட்டிக்கா என்றால் இன்னொன்று: அங்கே கோடை மார்கழி, தை. கூர்முனை வருடப் பிறப்பின் இரண்டு பக்கமும் விழலாம். எந்த வருடத்துக்குப் போடுவது என்று ஒரு விதி வைத்து கடைசி வரை மாற்றாதீர்கள். கிறீன்லாந்தில் ஆடி, ஆவணி கோடை, அந்தக் குழப்பம் இல்லை.

ஒன்றிரண்டு வருடப் பின்னடைவு எரிமலைக்கு மட்டும் என்றால்: பிழையே இல்லை. தம்போரா வெடித்தது 1815 சித்திரையில், அதன் சல்பேற்று அந்தாட்டிக்காவில் இறங்கியது பெரும்பாலும் 1816 வாக்கில். சமாலாஸ் 1257, உருளைகளில் 1258, 1259. புகை மேல்வளியில் சுற்றித் துருவத்துக்கு வந்து இறங்க நேரம் எடுக்கும்.

ஆழத்தோடு வித்தியாசம் கூடிக்கொண்டே போனால்: எண்ணும்போது வருடங்களைத் தவற விடுகிறீர்கள் அல்லது இரட்டையாக எண்ணுகிறீர்கள். ஒரே கோடையில் இரட்டைக் கூர்முனை வருவது சாதாரணம், பொழிவு வருடம் முழுவதும் சமமாக வராததால். நமக்கு இது விளங்கும். இங்கே வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டிவிட்டு கச்சான் காற்றுக் காலத்தில் காய்கிறதே, அந்த மாதிரி ஒரு பருவத்தில் பனி குறைந்துவிட்டால் அந்தப் பருவத்தின் குறி மெலிந்தோ காணாமலோ போகும். சமதானியை மட்டும் பார்க்காமல் சல்பேற்று அல்லது சோடியம் நிரலைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தெரிகிறதை மட்டும் உறுதியான வருடம் என்று குறியுங்கள், ஒன்றில் மட்டும் தெரிவதைச் சந்தேக வருடம் என்று வேறு நிறத்தில். சந்தேக வருடங்களில் பாதியைச் சேர்த்து, அந்தப் பாதியையே கூட்டல் கழித்தல் பிழையாக எழுதுவது வழக்கம்.

எதுவுமே பொருந்தவில்லை என்றால்: பிடித்தது வேறு எரிமலையாக இருக்கலாம். தம்போராவைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதற்கு ஆறு வருடம் முந்திய 1809 வெடிப்பு. எந்த மலை என்று தெரியாத அந்த வெடிப்பு இரண்டு துருவத்திலும் இருக்கிறது, ஆகவே ஆறு வருட இடைவெளியில் சோடியாக நிற்கும் இரண்டு சல்பேற்றுக் கூர்முனைகளைத் தேடுங்கள். ஐஸ்லாந்தின் லாக்கி 1783 கிறீன்லாந்தில் பெரிதாக நிற்கும், அந்தாட்டிக்காவில் அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம். தம்போராவும் சமாலாஸும் நமக்குக் கிழக்கே கடலுக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியத் தீவுத் தொடரில் உள்ளவை, 2004 மார்கழியில் நம் கரையை அழித்த அலை கிளம்பிய அதே தொடர். அதன் நெருப்பு உலகின் இரண்டு அந்தங்களிலும் பனிக்குள் பதிந்து கிடப்பதை ஒரு பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடிக்கிற நேரம், என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிகச் சிறந்த நேரம்.

இரண்டு எரிமலைகளுக்கு இடையில் ஐந்து வீதத்துக்கு மேல் வருடக் கணக்கு இடித்து, எந்த நிரலாலும் தீராவிட்டால், நீங்களாக வருடங்களைச் செருகிப் பொருத்தாதீர்கள். அந்த இடத்தை நிறுத்தி, தரவு வெளியிட்டவரிடம் கேளுங்கள்.


அறிகுறி: தியூத்தீரிய மிகை கண்டபடி ஆடுகிறது

தியூத்தீரியம் என்பது பாரமான ஐதரசன், சில பைல்களில் அதற்கும் ஒரு நிரல் இருக்கும். அந்தப் பெறுமானத்தில் இருந்து ஒட்சிசன்-18 இன் எட்டு மடங்கைக் கழித்தால் வருவது மிகை. ஒட்சிசன் -35, தியூத்தீரியம் -270 என்றால் -270 உடன் 280 கூட்டி, 10. உலகச் சராசரியும் 10 அளவில்தான். அந்தாட்டிக்க உட்பகுதியில் அதைவிடக் கூட வருவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

பிழை என்று தோன்றினால் முதலில் இரண்டு நிரலும் ஒரே ஆழத்துக்குரியவையா என்று பாருங்கள். ஒரு வரி கீழே நழுவினாலே மிகை குதிக்கும். பிறகு அளவீட்டுத் துல்லியம்: ஒட்சிசனில் 0.1 பிழை என்றால் மிகையில் 0.8, ஆகவே ஒன்று இரண்டு அலகு ஆட்டத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம்.

நீங்களே மாதிரி அளக்கிறீர்கள் என்றால் (உருளை நமக்குக் கிடைக்காது, ஆனால் சில பிள்ளைகள் ஒப்பீட்டுக்கு இங்குள்ள மழைநீரைச் சேர்த்து அனுப்புகிறார்கள்) போத்தலைப் பாருங்கள். மிகை பூச்சியத்துக்கும் கீழே போய், ஒட்சிசனும் வழக்கத்தை விடக் கூடியிருந்தால் நீர் ஆவியாகியிருக்கிறது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மாதம் வைத்த திறந்த புனல் மாதிரிகள் முழுவதும் இப்படித்தான் போயின, ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. மெல்லிய குழாய் போத்தலின் அடிவரை போகும்படி வைத்த சேகரிப்பான் அல்லது மேலே ஒரு படை திரவப் பரபின் பாவியுங்கள். போத்தலை வாய் வரை நிரப்பி, இறுக்கி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆவியான மாதிரியைக் கணக்கால் திருத்த முடியாது. எறியுங்கள்.

போத்தல் நன்றாக இருந்தும் ஒவ்வொரு மாதிரியின் முதல் அளவீடுகள் முந்திய மாதிரியின் பக்கம் சாய்ந்திருந்தால் லேசர்க் கருவியில் முந்திய நீரின் மிச்சம் நிற்கிறது. ஆறு தடவை செலுத்தினால் முதல் மூன்றை விட்டு மிச்சத்தின் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் போதவில்லை, -50 அளவிலான மாதிரிகள் மட்டும் தள்ளி நிற்கின்றன என்றால் நியமம், அதாவது கருவியைச் சரிபார்க்கும் பெறுமானம் தெரிந்த நீர், போதாது. கடல்நீர் நியமத்தை மட்டும் வைத்துக் கீழே இழுத்திருப்பார்கள். அந்தாட்டிக்க நீரில் இருந்து செய்த ஸ்லாப் நியமத்தின் ஒட்சிசன்-18 பெறுமானம் -55.5, இரண்டு முனையும் பிடித்தால்தான் இடையில் உள்ளது சரியாக வரும். இங்கிருந்து மேற்பட்டது ஆய்வுகூடத்தின் வேலை, திருப்பி அளப்பதற்குக் காசும் வேண்டும், ஆகவே மேலே உள்ளவற்றை எல்லாம் பார்த்துவிட்டுப் போங்கள்.


அறிகுறி: பக்கத்துப் பக்கத்து உருளைகள் இரண்டு ஒத்துப்போகவில்லை

பிழை பெரும்பாலும் இல்லை. கல்லடிக் கடற்கரையில் காற்று அடித்த மறுநாள் ஓரிடத்தில் மணல் திட்டி, நாலடி தள்ளிப் பள்ளம், ஓரிடத்தில் அளந்து கடற்கரை முழுவதற்கும் சொல்ல முடியுமா? பனியிலும் காற்று அதே வேலையைச் செய்கிறது. ஒற்றை வருடங்களை ஒப்பிடாமல் ஐந்து வருட, பத்து வருடச் சராசரியை ஒப்பிடுங்கள். அதிலும் ஒத்துவராவிட்டால் இரண்டிலும் ஒரே எரிமலைக் கோடு ஒரே வருடத்தில் விழுகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஒன்றின் திகதி நழுவியிருக்கும். திகதி சரியென்றால் மூன்றாவது உருளை தேடுங்கள், சராசரியில் சத்தம் குறையும்.


அறிகுறி: பொழிவும் வெப்பநிலையும் நம்ப முடியாத அளவு பொருந்துகின்றன

சந்தோஷப்படமுதல் பொழிவு நிரல் எப்படி வந்தது என்று விளக்கத்தில் வாசியுங்கள். வருடம் எண்ண முடியாத கிழக்கு அந்தாட்டிக்காவில், குளிர் காற்று குறைந்த ஈரத்தைத்தான் தாங்கும் என்பதை வைத்து, சமதானியில் இருந்து வெப்பநிலையும் அந்த வெப்பநிலையில் இருந்து பொழிவும் கணித்திருப்பார்கள். அந்தப் பொழிவை அதே சமதானியோடு ஒப்பிட்டால் ஒரே எண்ணை அதனோடேயே ஒப்பிடுகிறீர்கள், பொருந்தாமல் எங்கே போகும்? ஒரு பிள்ளையின் முழு அத்தியாயமும் இதனால் திரும்ப எழுத வேண்டி வந்தது, மேற்பார்வையாளரும் கவனிக்கவில்லை.

திருத்தம்: பொழிவுக்குச் சமதானி சாராத இன்னொரு வழி தேடுங்கள். இரண்டு எரிமலைக் கோடுகளுக்கு இடைப்பட்ட நீர்ச் சமானத்தை வருடத்தால் வகுப்பது இருப்பதிலேயே எளியது. பெரிலியம்-10 அளவும், குமிழிகளில் உள்ள நைதரசன்-15 இல் இருந்து இறுகல் பனியின் தடிப்பைக் கணிப்பதும் உண்டு, அவை தனிப் படிப்பு, இளமாணி ஆய்வுக்குள் இழுக்க வேண்டாம். எரிமலைகளுக்கு இடைப்பட்ட சராசரி கிடைக்காவிட்டால் அந்த ஒப்பீட்டையே விட்டுவிட்டு, பொழிவு கணிக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.


துறைசார்ந்தவரிடம் போகும்போது

தரவு வெளியிட்டவரின் தொடர்பு பைலின் தலைப்பிலேயே இருக்கும். எழுதப் பயப்பட வேண்டாம். சின்ன நாட்டில் இருந்து, பனியே காணாத பிள்ளை கேட்கிறது என்று யாரும் தள்ளிவிட்டதை நான் பார்க்கவில்லை. ஒழுங்கான கேள்வி என்றால் அவர்கள் விருப்பத்தோடு பதில் எழுதுகிறார்கள். ஆனால் "எனக்குச் சரியாக வரவில்லை, உதவுங்கள்" என்று மொட்டையாக எழுதினால் பதில் வராது. உருளையின் பெயர், பைலின் பெயரும் பதிப்பும், கோளாறு தெரிகிற ஆழம் எங்கிருந்து எதுவரை, நீங்கள் செய்து பார்த்த சோதனைகள் எவை, அந்தப் பகுதியின் ஒரே ஒரு வரைபு. கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும், உதாரணமாக 62 முதல் 65 மீற்றர் வரை அடர்த்தி அளந்ததா அல்லது இடைச்செருகியதா என்று. துருவக் கோடை மாதங்களில் பலர் களத்தில் இருப்பார்கள், கிறீன்லாந்துக்காரர் வைகாசி முதல் ஆவணி வரை, அந்தாட்டிக்காக்காரர் கார்த்திகை முதல் மாசி வரை. அந்தக் காலத்தில் எழுதினால் இரண்டு மாதம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள், மற்றக் காலத்தில் இரண்டு கிழமை போதும்.